என்னை மீனவனாக்கிய மதகு

கடலோரக் குப்பத்தில் பிறந்தவனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அதை யாரிடம் போய்ச் சொல்லி அழுவது? திருவொற்றியூரில், அலை கொஞ்சம் பெரிதாக அடித்தால் வாசலில் நுரை வந்து நிற்கும் குடிசையில் பிறந்தவன் நான். நைனா, அண்ணன், சித்தப்பாக்கள் எல்லோரும் கட்டுமரத்தில் போய் வந்தவர்கள். எனக்கு மீசை அரும்பியதும் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். கரையில் நிற்பவர்களின் முகம் தெரிகிற தூரத்திலேயே காலையில் குடித்த கஞ்சி வெளியே வந்துவிட்டது. கஞ்சியோடு நின்றிருந்தால் பரவாயில்லை. முந்தின நாள் சாப்பிட்டது, அதற்கும் முந்தின நாள் சாப்பிட்டது என்று வரிசையாக வந்தது. மரத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு கயிற்றைக் கெட்டியாகப் பிடித்தபடி, என்னைக் கரையில் விட்டால் போதும் என்று குலதெய்வத்துக்கு வேண்டிக்கொண்டேன்.

"மீனுக்குத் தீனி போடத்தான் இவன இட்டாந்தியா நைனா?" என்றான் அண்ணன்.

பழகினால் சரியாகிவிடும் என்று நைனா சொன்னார். பழகிப் பார்த்தேன். என் வயிறு பழகவில்லை. கடைசியில் ஒருநாள் அவரே என்னை வண்ணாரப்பேட்டைக்கு அழைத்துக்கொண்டு போய், தையற்கடை வைத்திருந்த ஒரு பாயிடம் விட்டார். "இவனுக்கு ஆடாத வேல எதுனா குடு பாய்" என்பதுதான் அவர் செய்த சிபாரிசு. தையல் மிஷின் ஆடும். ஆனால் ஓர் இடத்தில் நின்று ஆடும். எனக்கு அது ஒத்துக்கொண்டது.

கல்யாணமானதும் எர்ணாவூரில் சொந்தமாக ஒரு தையற்கடை போட்டுக் குடித்தனம் வைத்தேன். மனைவி புளியந்தோப்புப் பெண். மீன்பிடிக்கிற குடும்பத்துப் பிள்ளை என்றதும் தினமும் மீன் குழம்பு என்று நம்பிக் கழுத்தை நீட்டியவள். வந்து பார்த்தால் புருஷன் காக்கி அரைக்கால் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருக்கிறான். அதை அவள் என்னிடம் நேராகச் சொன்னதில்லை. அண்டை அசலில் எல்லோரிடமும் சொன்னாள்.

எங்கள் தெரு பள்ளத்தில் இருந்தது. தெரு முடிகிற இடத்தில் கழி ஆரம்பிக்கும். ஆறு கடலில் சேர்கிற எண்ணூர் முகத்துவாரத்திலிருந்து ஏறி வருகிற கடல்நீர், மழைநீரோடு கலந்து, கண்ணுக்கெட்டிய வரை முழங்கால் ஆழத்தில் பரந்து கிடக்கும். நடுநடுவே கோரைத் திட்டுகள். காலையில் ஏற்றம், அப்புறம் வற்றம்; தண்ணீர் வருவதும் தெரியாது, போவதும் தெரியாது. என் ஆயுளில் முதல்முறையாக ஆடாத தண்ணீரைப் பார்த்தேன். மறுநாளே ஒரு மூங்கில் கொம்பைச் சீவித் தூண்டில் செய்துகொண்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் கால் நனைய நின்று மீன்பிடித்தேன். பிடித்தேன் என்பது பேச்சுக்கு. ஒரு கெளுத்தி வரும், அது முள்ளால் என் விரலைக் குத்தும். அவ்வளவுதான்.

அதே தண்ணீரில் என் பக்கத்து வீட்டு அக்கா இறால் தடவுவாள். புருஷன் இல்லாதவள், இரண்டு பெண்களை அந்தக் கழியை வைத்துத்தான் வளர்த்தாள். பனையோலையில் முடைந்த பறி என்ற கூடையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கழுத்தளவு குந்தி, இரண்டு கைகளாலும் அடிச்சேற்றைத் துழாவிக்கொண்டே நகர்வாள். கையில் இறால் தட்டுப்பட்டால் நேரே வாயிலிருக்கிற பறிக்குள் போகும். வேலை நேரம் முழுக்க அவளால் பேச முடியாது. அதனால் பேச வேண்டியதையெல்லாம் சேர்த்து வைத்திருந்து, கரையேறிப் பறியை இறக்கியதும் ஒரே மூச்சில் கொட்டுவாள். பெரும்பாலும் அது என்னைப் பற்றியதாக இருக்கும்.

"தம்பி, நீ நின்னுகினு கீற எடத்துல மீனு ஏதுப்பா? எருமை நின்னா இன்னா, நீ நின்னா இன்னா. கொஞ்சம் தள்ளி நில்லேன், நான் தடவிட்டுப் போறேன்."

நான் தள்ளி நிற்பேன். என் தூண்டிலால் அந்தக் கழிக்கு எந்தக் கெடுதலும் இல்லை என்பது ஊருக்கே தெரியும்.

யுத்தம் முடிந்து, சுதந்திரமும் வந்த பிறகு ஒரு ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. ஆற்று வெள்ளம் ஒரு பக்கம், ஏற்றம் ஒரு பக்கம். இரண்டும் முட்டிக்கொண்டு, போக இடமில்லாமல் எங்கள் தெருவுக்குள் புகுந்தன. தீபாவளிக்குத் தைக்கக் கடையில் சேர்ந்திருந்த சட்டைகளைப் பத்திரமாக இருக்கட்டும் என்று வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன். பத்திரம் என்று என் வீட்டைத் தேர்ந்தெடுத்த புத்தியைப் பாருங்கள். தையல் மிஷினைக் கட்டில் மேல் ஏற்றினேன். கட்டிலுக்கு மேல் ஏற்ற எதுவும் இல்லாததால் நாங்கள் தண்ணீரில் நின்றோம். சட்டைகள் ஒவ்வொன்றாகக் கையை விரித்துக்கொண்டு வாசல் வழியாகக் கழிக்குள் மிதந்து போயின. ஒரு சட்டையை அக்கா பிடித்துக்கொடுத்தாள். மற்ற சட்டைக்காரர்களுக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்பது இப்போது வேண்டாம்.

அந்த வெள்ளத்துக்குப் பிறகு கரை போடச் சொல்லித் தெருவே கத்தியது. நானும் கத்தினேன். அக்காவும் கத்தினாள், அவள் குடிசைதான் முதலில் விழுந்தது. எங்கள் சத்தம் எப்படியோ யார் காதிலோ விழுந்து, அடுத்த கோடையில் சர்க்கார் ஆட்கள் கரை போட வந்துவிட்டார்கள். கழிக்கும் முகத்துவாரத்துக்கும் நடுவே நீளமாக ஒரு மண்கரை. தண்ணீர் போக வர ஒரே ஒரு மதகு. அதில் மூன்று இரும்புப் பலகைகள், ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்க மேலே ஒரு திருகு. அக்காவும் கூலிக்கு மண் சுமந்தாள். பலகைகளைப் பொருத்திய அன்று தேங்காய் உடைத்துச் சுண்டல் கொடுத்தார்கள். மதகைப் பார்த்துக்கொள்ள ஒரு லஸ்கர் வந்தார். அவருடைய காக்கி உடுப்பை நான்தான் தைத்துக் கொடுத்தேன். தோளில் சற்று இறுக்கம். திருகைச் சுற்றும்போது கையைத் தூக்க முடியவில்லை என்று பிறகு பிரித்துத் தைத்தேன்.

அடுத்த மழைக்காலத்தில் வீடு காய்ந்து கிடந்தது. கரைக்கு அந்தப் பக்கம் ஆற்றுவெள்ளம் ஓடுவது தெரிந்தது. இந்தப் பக்கம் கழி அமைதியாக இருந்தது. மனைவி தரையில் பாயை விரித்துப் படுத்து, "ஐயோ, இன்னா சொகமா கீது" என்றாள். அந்தச் சுகத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஐப்பசி மாதத்தில் காய்ந்த தரையில் தூங்குவதென்றால் என்னவென்று பள்ளத்தில் குடியிருந்தவனுக்குத்தான் தெரியும்.

அந்த மழைக்காலத்தில்தான் நான் மீனவன் ஆனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, உட்கார வசதியாக இருக்கிறதே என்று மதகின் கல்மேடையில் குந்தி, மூடியிருந்த பலகைகளுக்கு உள்பக்கம் தூண்டிலைப் போட்டேன். போட்டதும் இழுத்தது. என் முழங்கை நீளத்துக்கு ஒரு மடவை. மறுபடி போட்டேன், மறுபடி மடவை. பிறந்தது முதல் மீன் என்னிடம் இப்படி நடந்துகொண்டதே இல்லை. சாயங்காலம் வேட்டியில் முடிந்து தூக்கிக்கொண்டு போனேன். மனைவி அதை அவிழ்த்துப் பார்த்துவிட்டு, "எங்கேந்து வாங்கினு வந்தே?" என்று கேட்டாள். நான் பிடித்தது என்றேன். அவள் சிரித்த சிரிப்பு தெரு முழுக்கக் கேட்டது.

அடுத்த ஞாயிறும் அப்படியே. பிறகு ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியவில்லை. கடையைச் சீக்கிரம் பூட்டிவிட்டு ஓடினேன். மடவை வந்தது, இறாலைக் கோத்துப் போட்டால் கொடுவா வந்தது. அறுத்தால் எல்லா மடவையிலும் வயிறு நிறையச் சினை. மனைவி சினையை மிளகாய்த்தூள் போட்டு வறுத்துத் தட்டில் வைப்பாள். புளியந்தோப்பிலிருந்து அவளுடைய அம்மாவும் தம்பியும் அதைச் சாப்பிடுவதற்கென்றே வந்து போனார்கள். மாமியார் வாயால் முதல்முறையாக என்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்தது. "பரவால்ல, கட்ட வெரலு அளவுக்காவது மீன்கார ரத்தம் கீது."

எனக்கு இவ்வளவு போதாதா? இரை பிசைவதில்தான் சூட்சுமம் என்று முடிவு கட்டினேன். தவிட்டோடு கொஞ்சம் பெருங்காயம் சேர்ப்பேன். ஏன் பெருங்காயம் என்று கேட்டால் எனக்கே தெரியாது. ஒருநாள் கைதவறி விழுந்தது, அன்றைக்கு மீன் கூடுதலாகக் கிடைத்தது. அதிலிருந்து வீட்டில் ரசம் வாசனை இழந்தது. கடைக்கு அளவு கொடுக்க வந்தவர்களிடம் கழுத்தை அளந்தபடியே மீன்பிடிக்கிற கலையைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "மீன் மனசு தெரியணும் சார்" என்பேன். அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுக்காமல் சொல்வதால் அவர்களும் கேட்டுக்கொண்டு நிற்பார்கள். துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர், "நீ தையக்காரனா, மீன்காரனா? ஒரு முடிவுக்கு வா. என் பேண்ட்டு இன்னும் கால் இல்லாம கீது" என்று கோபித்துக்கொண்டு துணியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

மதகருகே எனக்குத் துணையாகக் கொக்குகளும் நாரைகளும் வரிசையாக நின்றன. அவையும் அந்த மழைக்காலத்தில்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்திருந்தன. நல்ல இடத்தைத் தேர்வு செய்வதில் அவற்றுக்கும் எனக்கும் ஒரே அறிவு என்று பெருமைப்பட்டேன். அவை பெருங்காயம் உபயோகிக்கவில்லை என்பது மட்டும் என் கண்ணில் படவில்லை.

கடைசியில் அண்ணனை வரவழைத்தேன். சொந்தத்தில் யார் என்ன சொன்னாலும், அண்ணன் பார்க்காத வரையில் நான் மீனவன் ஆகவில்லை. அவன் திருவொற்றியூரிலிருந்து நடந்தே வந்து, வீட்டில் சினை வறுவலோடு சாப்பிட்டான். முந்தின நாளெல்லாம் உள்ளூரில் நல்ல மழை. கழி நிரம்பித் தெருமுனையை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அன்றைக்கு வானம் வெளிவாங்கியிருந்தது. தெருவில் பாதிப்பேர் பின்னால் வர, அக்காவும் பறியைத் தோளில் மாட்டிக்கொண்டு வர, மாப்பிள்ளை ஊர்வலம் போல மதகுக்குப் போனோம். நான் இரையைப் பிசைந்தேன். அண்ணன் மோந்து பார்த்தான்.

"இன்னாடா இது, சாம்பார் வாசன வருது?"

"நீ பாத்துகினே இரு ண்ணா" என்றேன்.

தூண்டிலைப் போடுவதற்குள் லஸ்கர் வந்தார். "டெய்லரே, கொஞ்சம் ஒதுங்கு. உள்ள தண்ணி ஏறிப்போச்சி, வெளிய வெள்ளம் வடிஞ்சிட்ச்சி. தொறந்து விடணும்" என்று சொல்லித் திருகைச் சுற்ற ஆரம்பித்தார். பலகை ஒன்று கிறீச்சிட்டுக்கொண்டு மேலே ஏறியது. உள்ளிருந்த தண்ணீர் சுழன்று அதனடியில் பாய்ந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் பார்த்ததை எப்படிச் சொல்வது? தண்ணீர் முழுக்க முதுகுகள். மடவைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சில துள்ளிக் கல்லில் மோதி மறுபடி விழுந்து, மதகின் திறந்த வாய்க்குள் அடித்துக்கொண்டு போயின. நடுவில் கொடுவா ஒன்று என் தொடை பருமனுக்குப் புரண்டு போயிற்று. இறால் கொத்துக் கொத்தாகத் தெறித்தது. கொக்குகள் கத்திக்கொண்டு எழும்பின. அக்கா பறியைத் தூக்கிக் கீழே போட்டுவிட்டு, வாயில் ஒன்றும் இல்லாமலே பேசாமல் நின்றாள். இரண்டாவது பலகையையும் திறந்தார் லஸ்கர். கொஞ்ச நேரத்தில் எல்லாம் முடிந்தது. வெறும் செந்தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

நான் தூண்டிலைப் போட்டேன். போடாமல் இருந்திருக்கலாம். இவ்வளவு பேர் முன்னால் எதையாவது செய்ய வேண்டும் என்று தோன்றியது. இரையை மாற்றினேன். பெருங்காயத்தைக் கூட்டினேன். இடது பக்கம் உட்கார்ந்தேன், வலது பக்கம் உட்கார்ந்தேன். ஊர்வலத்தில் வந்தவர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். அண்ணன் மட்டும் பீடி பற்ற வைத்துக்கொண்டு பக்கத்தில் குந்தினான்.

"டேய், அதுங்க உன்கிட்ட வர்லடா" என்றான். "சினை வச்ச மீனு. முட்டை போட கடலுக்குப் போவ வந்திச்சி. கதவு மூடி கெடந்திச்சி. நீ வாசப்படில குந்திகினு வர்ற போற ஆளயெல்லாம் பிட்ச்சிகினு இருந்துக்கிற. அவ்ளோதான்."

அவன் கேலியாகச் சொல்லவில்லை என்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது. கேலி செய்திருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். எழுந்து போகும்போது, "ஆனா சினை வறுவல் நல்லாத்தான் இருந்திச்சி" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மழை நின்றதும் பலகைகளை இறக்கிவிட்டார்கள். கோடையில் உப்புத்தண்ணீர் உள்ளே வரக்கூடாது, அப்போதுதான் கிணறுகள் இனிக்கும் என்று சொன்னார்கள். எங்கள் தெருவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. கிணறு கொஞ்சம் இனிக்கவும் செய்தது. ஆனால் கழி செத்துக்கொண்டே வந்தது. ஏற்றமும் வற்றமும் நின்றுபோன தண்ணீர் முதலில் பச்சையானது, பிறகு கறுத்தது. ஆகாயத்தாமரை எங்கிருந்தோ வந்து மூடியது. வெளியே போக முடியாமல் மாட்டிக்கொண்ட மீன்கள் காலையில் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. ஒருநாள் மல்லாந்து மிதந்தன. அந்த நாற்றத்தில் கடையில் தைத்த துணிகூட நாறியது. கடலிலிருந்து சித்திரையில் ஏறி வருகிற பொடி இறால் அந்த வருஷம் வரவில்லை. வர வழி இல்லை. அக்கா காலையிலிருந்து மத்தியானம் வரை சேற்றைத் துழாவிவிட்டுப் பறியின் அடியில் நாலு இறாலோடு வருவாள். வந்தும் பேச மாட்டாள். அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது.

கொசு மட்டும் நன்றாக வளர்ந்தது. தெருவில் வீட்டுக்கு ஒருவர் காய்ச்சலில் படுத்தார்கள். எங்கள் வீட்டின் பங்குக்கு நான் படுத்தேன். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டிருந்தபோது கட்டில் ஆடியது. கட்டுமரம் என்று நினைத்துக்கொண்டு வாந்தியும் எடுத்தேன். மனைவி துடைத்துவிட்டபடி, "கடலே இல்லாத எடத்துலயும் கடல கண்டுபுடிப்பியா நீ" என்றாள்.

காய்ச்சல் விட்ட சமயம் தெருவில் சண்டை. இறால் தடவுகிறவர்களும் வலை வீசுகிறவர்களும் மதகைத் திறக்க வேண்டும் என்றார்கள். பள்ளத்துத் தெருவில் வேலைக்குப் போகிறவர்கள் திறக்கக் கூடாது என்றார்கள். நான் இரண்டு பக்கமும் இருந்தேன். காலையில் அக்கா சொல்வதைக் கேட்டால் திறக்கத்தான் வேண்டும் என்று தோன்றும். சாயங்காலம் மிதந்துபோன சட்டைகள் ஞாபகம் வந்தால் மூடித்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். இரண்டையும் அந்தந்த நேரத்தில் அந்தந்த ஆட்களிடம் ஆவேசமாகச் சொன்னேன். ஆகையால் இரண்டு தரப்பும் என்னைத் தங்கள் ஆள் என்று நம்பினார்கள். மதகைப் பார்க்க என்ஜினீயர் வருகிறார் என்று தெரிந்ததும், இரண்டு தரப்பும் ஒரே மனதாக என்னைத்தான் பேசச் சொன்னார்கள்.

சொந்தமாகத் தைத்த கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். வைகாசி வெயிலில் கோட்டு. என்ஜினீயர் இளவயசுக்காரர், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு பொறுமையாகக் கேட்டார். நான், "ஐயா, மீனுடைய மனசு" என்று ஆரம்பித்தேன். எங்கே போகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. தவிடு வந்தது, பெருங்காயம் வந்தது, வெள்ளத்தில் சட்டைகள் போனது வந்தது. என்ஜினீயர் லஸ்கரைப் பார்த்தார். லஸ்கர் ஆகாயத்தைப் பார்த்தார்.

அக்கா முன்னால் வந்தாள்.

"சார், இவரு காச்சல்ல கெடந்து எய்ந்தவரு, வுட்டுடுங்க. நான் சொல்றேன். மயைக்கு மூடுங்க, நானே வந்து மூடறேன். மயை இல்லாதப்ப எதுக்கு சார் மூடி வச்சிகினு கீறீங்க? கரைக்கு மண்ணு சொமந்தது நானு. வூட்டுக்குள்ள தண்ணி வரக்கூடாதுன்னுதான் சொமந்தேன். எறாலு வரக்கூடாதுன்னா சொமந்தேன்?"

கிணறு மறுபடி உப்புக் கரிக்குமே என்றார் என்ஜினீயர். கரிக்கட்டும் என்றது ஒரு பக்கம், கூடாது என்றது இன்னொரு பக்கம். அவர் எழுந்து மதகைச் சுற்றி நடந்து பார்த்தார். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனார். அப்படிச் சொல்லிப் போனவர்கள் திரும்பி வருவதில்லை என்பது எங்கள் அனுபவம். ஆனால் அவர் வந்தார். மழை இல்லாத மாதங்களில் மூன்றில் ஒரு பலகை மட்டும் தூக்கியிருக்கும். ஆற்றில் தண்ணீர் ஏறினால் உடனே இறக்க வேண்டும். லஸ்கருக்கு இன்னும் இரண்டு மதகுகள் இருப்பதால், தண்ணீரைக் கவனித்து அவருக்குத் தகவல் சொல்லத் தெருவிலிருந்து ஓர் ஆள் வேண்டும் என்றார். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எப்படியும் அங்கதானே குந்திகினு இருப்பே" என்றாள் மனைவி.

பலகை தூக்கிய பிறகு முதல் அமாவாசை ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வந்தது. கறுப்புத் தண்ணீர் ஓரமாக ஒதுங்கித் தெளிய நாளாயிற்று. ஆடி முடிவதற்குள் நகக்கண் அளவு இறால் அக்காவின் கையில் தட்டுப்பட்டது. நண்டு வந்தது. பழையபடி வந்தது என்று சொன்னால் பொய். ஒரு பலகை அளவுக்கு வந்தது. மதகுக்குப் பக்கத்தில் இருந்த கழி பிழைத்தது. மேற்கே தள்ளியிருந்த பகுதிக்கு ஏற்றம் எட்டவே இல்லை. அது வெடித்துக் கிடந்து, முள் முளைத்து, லாரிகள் மண் கொட்ட ஆரம்பித்து, சில வருஷங்களில் ஆலைச் சுவர் ஏறிவிட்டது. அக்கா வாரத்தில் பாதி நாள் கழியில் இறங்கினாள். மீதி நாள் திருவொற்றியூர்க் கரைக்குப் போய், என் அண்ணனிடமே கடல்மீன் வாங்கிக் கூடையில் சுமந்து விற்றாள். பல்லில் பறி இல்லாத வேலை என்பதால் அங்கே அவளுக்குப் பேசத் தடையில்லை. "உன் பக்கத்து வூட்டுக்காரி வர்றான்னா எனக்கு வவுத்த கலக்குது" என்று அண்ணன் என்னிடம் முறையிட்டான்.

அந்த ஐப்பசியில் ஒரு மத்தியானம் கடையில் இருந்தேன். மேற்கே வானம் இருண்டு கொட்டியது. மதகுக்கு ஓடினேன், ஆறு ஏறிக்கொண்டிருந்தது, திறந்திருந்த பலகை வழியாகத் தண்ணீர் உள்ளே திரும்ப ஆரம்பித்திருந்தது. லஸ்கரைத் தேடி அடுத்த மதகுக்குக் கரைமேல் ஓடியபோது சேற்றில் கால் வழுக்கிக் கழிக்குள் போனேன். எல்லோருக்கும் முழங்கால் அளவுள்ள தண்ணீரில் தத்தளித்த ஒரே ஆள் நான்தான். கூடையோடு வந்துகொண்டிருந்த அக்கா சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினாள். காலர் கிழியவில்லை, தையல் என்னுடையது. அவளே சத்தம் போட்டு லஸ்கரைக் கூப்பிட்டாள். அவள் குரலுக்கு அவர் வராமல் இருக்க முடியாது. பலகை இறங்கியது. தெரு நனையவில்லை.

இரண்டொரு நாளில் வெளிவாங்கியது. மதகுக்குப் போய்ப் பார்த்தேன். மூடிய பலகைகளுக்கு உள்ளே மடவைகள் மறுபடி வந்து கூடியிருந்தன. தண்ணீர் கறுத்துத் தெரிகிற அளவுக்கு. கொக்குகள் தங்கள் இடங்களில் நின்றன. தூண்டிலைக் கொண்டுவந்திருந்தால் அன்றைக்கு ஒரு கூடை பிடித்திருக்கலாம். கை ஊறியது என்பதையும் மறைக்கவில்லை. வெளிப்பக்கம் எட்டிப் பார்த்தேன். ஆறு நன்றாக இறங்கியிருந்தது. லஸ்கர் வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். அவர் சாப்பாட்டுக் கையோடு வந்தார்.

"இன்னா டெய்லரே, மறுபடி தண்ணி ஏறுதா?"

"எறங்கிட்ச்சிங்க. தொறந்து வுட்டுடலாம்."

"முந்தாநேத்துதானே மூடு மூடுன்னு ஊர கூட்டுனே?"

"ஆமாங்க."

"இப்ப தொற தொறன்ற?"

"ஆமாங்க."

என்னை ஏற இறங்கப் பார்த்தார். கையைக் கழுவிக்கொண்டு, நான் பிரித்துத் தைத்துக் கொடுத்த சட்டையை மாட்டிக்கொண்டு வந்து திருகைச் சுற்றினார். பலகை ஏறியது. மீன்கள் போக ஆரம்பித்தன. முழுக்கப் போய் முடியும் வரை நின்று பார்க்க ஆசையாக இருந்தது. தீபாவளிக்கு ஒரு வாரம்கூட இல்லை, கடையில் துணி மலையாகக் குவிந்திருந்தது. நனைந்த செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்தேன்.